இடது பக்கம் ஒடிக்கையில்

வண்டியில் சத்தம் வருகிறது என்று முதலில் சொன்னவள் சத்யப்ரியா. அவள் சொன்னது வண்டி ஓட்டிய முத்துக்குமாரிடம்தான். பின்சீட்டிலிருந்து சொன்னதால் அந்தப் பேச்சு அவனுடைய பிடரி வரைக்கும் வந்து நின்றுவிட்டது. மறுநாளும் சொல்லிப் பார்த்தாள். அதற்கு அடுத்த காலையில், நைட் ஷிப்ட் முடிந்து வந்து இறங்கியதும், முகம்கூடக் கழுவாமல் நேராக அவன் பெண்டாட்டி பொற்கொடியிடம் வந்து நின்றாள்.

"அக்கா, அண்ணனுக்கு எங்க மேல ஏதாச்சும் கோவமா? ரெண்டு நாளா சொல்றேன், காதுலயே போட்டுக்க மாட்டேங்கறாரு. இடது பக்கம் ஒடிக்கறப்பல்லாம் வண்டி கீச்சு கீச்சுன்னு கத்துதுக்கா. ரயில்வே கேட்டுத் திருப்பத்துல எனக்குப் பல்லே கூசிப்போச்சு. மத்தவளுங்க எல்லாம் தூங்கி வழிஞ்சுட்டு வராளுங்க. எனக்குத்தான் தூக்கம் புடிக்க மாட்டேங்குது."

"கோவமெல்லாம் இல்ல தாயி. ராத்திரி முழிச்சதுல அவருக்குத் தலைவலி. நான் சொல்லிப் பார்க்கச் சொல்றேன். நீ போய்ப் படு."

பொற்கொடிக்கு இது பழகிய பொய். தலைவலி, தூக்கக் கலக்கம், ஏதோ யோசனை, கொஞ்சம் முன்கோபம் என்று புருஷனுடைய காதுக்கு அவள் வேறு வேறு பெயர் வைத்திருந்தாள். ஊரும் நம்பியது. மத்திகிரி லைன் வீடுகளில் முத்துக்குமாருக்கு முசுடு என்று பெயர். செவிடன் என்பதைவிட முசுடு மரியாதையான பெயர்தான், அதிலும் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு.

அருப்புக்கோட்டையில் தறிச் சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்தவன் அவன். ஓசூருக்கு வந்து சிப்காட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் சேர்ந்தான். தகட்டை வைத்தால் மேலிருந்து டை என்கிற இரும்பு அச்சு இறங்கி ஒரே அடியில் வடிவம் வெட்டிக் கொடுக்கும். அடி என்றால் தரை குலுங்குகிற அடி, ஷிப்ட் முழுக்க. அங்கே வாயால் பேசி வேலை ஆகாது. டீக்கு ஒரு சைகை, நிறுத்து என்பதற்கு விரித்த உள்ளங்கை, சூப்பர்வைசர் வந்தால் மீசையைத் தடவுவது. மற்றதையெல்லாம் எதிராளியின் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். காதில் வைக்கக் கம்பெனி அடைப்பான் கொடுத்தது. அதை வைத்துக்கொண்டால் டை விரிசல் விடும்போது அடியின் ஒலி மாறுவது தெரியாது, தெரியாவிட்டால் விரல் போகும் என்று எல்லாரும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு அது கெட்டிக்காரத்தனமாகப் பட்டது. நன்றாகக் கேட்க வேண்டும் என்பதற்காகவே காதைக் கெடுத்துக்கொண்ட கூட்டம் அது.

கெட்டதும் யாருக்கும் தெரியவில்லை. மொத்தக் கூட்டமும் ஒரே மாதிரி இருந்தால் யாருக்கு வித்தியாசம் தெரியப் போகிறது? முதலாளிகள் ஒருநாள் அந்தக் கம்பெனியை இழுத்து மூடினார்கள். கைக்கு வந்த பணத்தில் முத்துக்குமார் ஒரு பழைய டீசல் அம்பாசடரை வாங்கினான். அவன் வீட்டில் இருக்க ஆரம்பித்த பிறகுதான் பொற்கொடி கவனித்தாள். அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டான். எதிரே வந்து கேட்டால் பட்டென்று பதில் சொல்வான்.

"சத்தமெல்லாம் கேக்குது புள்ள. சொல்லுதான் கேக்க மாட்டேங்குது," என்று ஒருநாள் அவனே சொன்னான். லாரி ஹாரன் கேட்கும், இடி கேட்கும், தன்னுடைய டீசல் இன்ஜின் கேட்கும். குக்கர் விசில், சைக்கிள் மணி, பொற்கொடியின் கொலுசு என்று மெல்லிசான சத்தமெல்லாம் ஒவ்வொன்றாக அவனை விட்டுப் போயிருந்தது. அன்றைக்கு அவள் அழுதாள். அவன் அழவில்லை, வெளியே சொல்லிடாத என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும். சிப்காட்டில் சின்னச் சின்ன எலெக்ட்ரானிக்ஸ் சாமான் செய்கிற ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்பிள்ளைகளை ஏற்றி இறக்குவதுதான் அந்த வண்டிக்கு நிரந்தர ஓட்டம். பென்னாகரம், அரூர் பக்கத்துப் பிள்ளைகள். எதிர் லைன் வீட்டில் மொத்தமாகத் தங்கியிருந்தார்கள். பின்னால் ஐந்து பேர், முன்னால் இரண்டு பேர் என்று நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு போவார்கள். இந்த ஓட்டம் இல்லையென்றால் பொற்கொடி வீட்டில் உலை இல்லை. அருப்புக்கோட்டைக்குத் திரும்பலாமென்றால் அங்கே தறியும் இல்லை, வீடும் இல்லை. கம்பெனியில் போக்குவரத்தைக் கவனித்துக்கொண்ட சுபாஷ் நல்ல மனுஷன்தான். ஆனாலும், "பெரிய வேன்காரர் ஒருத்தர் இந்த ஓட்டத்தக் கேட்டு என் உசுர வாங்குறாரு, கம்ப்ளைண்ட் மட்டும் வராமப் பாத்துக்கங்க," என்று பார்க்கும்போதெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

அன்று காலை இட்லியை வைத்துவிட்டுப் பொற்கொடி அவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"வண்டில சத்தம் வருதாம். இடது பக்கம் ஒடிக்கையில."

"யாரு சொன்னா?"

"சத்யப்ரியா. ரெண்டு நாளா உங்ககிட்டதான் சொல்லிக்கிட்டு வருதாம்."

அவன் இட்லியைப் பிட்டுக்கொண்டே இருந்தான். "சின்னப் புள்ளைக சொல்லுறதக் கேட்டா ஆகுமா? பிரஸ்ஸுல கைய வச்சே டை எங்க தேஞ்சிருக்குன்னு சொன்னவன் நான். என் கைக்குத் தெரியாம வண்டில ஒரு ஆணி அசைஞ்சிருமா?"

"எனக்காக ஒரு தடவை எடுங்க. நான் உக்காந்து கேக்குறேன்."

வெளியே மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. கால்நடைப் பண்ணையின் மதில் ஓரமாக வண்டியைக் கொண்டுபோய் இடது பக்கம் ஒடித்தான். பொற்கொடிக்கு முதுகுத்தண்டு வரைக்கும் சிலிர்த்தது. துருப்பிடித்த கீலில் கதவை இழுக்கிற மாதிரி ஒரு கீச்சல், ஒடிக்க ஒடிக்கக் கூடிக்கொண்டே போனது. அவன் ரோட்டைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

"ரோட்டப் பாருங்க!" என்று கையை நீட்டினாள்.

அவன் ஓரங்கட்டி நிறுத்தினான். "அவ்வளவு சத்தமாவா இருக்கு?"

"ஆமா."

இன்ஜினை அணைத்தான். காதை ஸ்டியரிங் கம்பிக்குப் பக்கத்தில் வைத்து ஒடித்துப் பார்த்தான். பிறகு அவன் செய்ததைப் பொற்கொடியால் கடைசி வரை மறக்க முடியவில்லை. குனிந்து, ஸ்டியரிங் வளையத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் மெதுவாக இடது பக்கம் திருப்பினான். பிரஸ் ஷாப்பில் யாரோ சொல்லிக் கொடுத்த வித்தை, எலும்பு வழியாகக் கேட்குமாம். கீச்சல் மதிலில் பட்டு எதிரொலித்தது. உள்ளே மேய்ந்துகொண்டிருந்த மாடு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. அவன் வாயை எடுத்துத் துடைத்துக்கொண்டான்.

"இல்ல புள்ள," என்றான்.

அவளுக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ரோட்டில் அப்படியெல்லாம் செய்ய முடியாதே. "கூட்ரோட்டுக்குப் போவோம். மெக்கானிக்கப் பாப்போம். நான் கூடவே நிக்கிறேன்," என்றாள்.

கூட்ரோட்டில் திம்மராயன் வைத்திருந்த பட்டறை என்பது தகரம் போட்ட ஒரு கொட்டகை, பின்னால் ஒட்டினாற்போல வீடு, முன்னால் எண்ணெய் குடித்துக் கறுத்துப்போன மண். சூளகிரிப் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ், பெங்களூர் லாரிக்காரர்களிடம் கன்னடம். திட்டுவதென்றால் மூன்றும் கலந்து வரும். மேலுதட்டை மொத்தமாக மூடின மீசை, அதற்குக் கீழே அணைந்த பீடி. முத்துக்குமார் அவருடைய உதட்டைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டுப் பொற்கொடியைப் பார்த்தான்.

"இன்னா சார், வண்டிக்கு இன்னா நோவு?"

"ஸ்டியரிங்ல சத்தம்ணே, இடது பக்கம் ஒடிக்கையில. ராத்திரி ஷிப்டுக்குக் கம்பெனிப் புள்ளைகள ஏத்தணும்," என்றாள் பொற்கொடி.

"எப்பிடிக் கத்துது? டொக்குன்னா, கீச்சுன்னா?"

"கீச்சுன்னுதாண்ணே."

"ஓடறப்ப மட்டுமா, நிக்கறப்ப ஒடிச்சாலுமா?"

"ரெண்டுலயும் வருது."

"பள்ளத்துல எறங்குனா?"

அவள் யோசித்தாள். "வர்ற வழியில பாலம் வேலைக்குத் தோண்டிப் போட்டிருக்காங்கல்ல, அங்கிட்டு எறங்கையில டொக்குன்னு ஒண்ணு கேட்டுச்சு."

திம்மராயன் பீடியை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார். "கீச்சுன்னா காஞ்சு கெடக்குதுன்னு அர்த்தம். டொக்குன்னா தேஞ்சு கெடக்குது. ரெண்டும் ஒரே எடத்துலன்னா அது நல்லதுக்கில்ல." பிறகு சிரித்தார். "ஆமா, ஓட்டறது சாரா, நீயாம்மா? கேள்வி அவருக்குப் போவுது, பதிலு உங்கிட்டருந்து வருது!"

அவர்கள் சிரிப்பதைப் பார்த்து முத்துக்குமாரும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

தூறல் பிடித்துக்கொண்டது. திம்மராயனின் மனைவி நாராயணம்மா வீட்டுக்குள்ளிருந்து களி உருண்டையும் அவரைக்கொட்டைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். "நீயும் துண்ணு," என்று பொற்கொடிக்கும் ஒரு தட்டு நீட்டினாள்.

பொற்கொடி ஒரு துண்டை வாயில் போட்டு மென்றாள். நாராயணம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அடியே, களிய மெல்லக் கூடாது. கொழம்புல பெரட்டி அப்பிடியே முழுங்கணும். எத்தினி வருசமா இந்த ஊருல இருக்கற?"

"வந்தது ரொம்ப நாளாச்சுக்கா. எங்க ஊருல கம்பு, சோளம். இது தொண்டையில நிக்குது."

"மெல்லுனா நிக்கத்தான் செய்யும். என் மருமவளும் இப்பிடித்தான் மென்னுக்கிட்டு இருந்தா. ராயக்கோட்டைக்காரி, அவளே அப்பிடின்னா ஒன்ன இன்னா சொல்றது." தன் புருஷனைப் பார்த்தாள். "துண்ணுட்டு, தூறல் விட்டப்புறம் கீழ பூருய்யா, ஈரத்துல படுத்தா ராத்திரிக்கு முதுகு முதுகும்ப."

"வேல கெடக்குதுல்ல. ராத்திரிக்கு அந்தப் புள்ளைங்கள ஏத்தணுமே," என்றார் அவர்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் முன்பக்கத்துக்கு ஜாக்கி வைத்துத் தூக்கினார். இடது சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினார். பல் ஆடுகிற மாதிரி ஆடியது. முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. கோணியை விரித்துக் கீழே புகுந்தார்.

"தேஞ்சு கெடக்குறது டைராடு எண்டா, கிங்பின்னான்னு கைய வச்சுப் பாத்தாத்தான் தெரியும். சார், உள்ள உக்காருங்க. நான் ஒடின்னா ஒடிக்கணும், நிறுத்துன்னா நிறுத்தணும். அவ்ளோதான்."

உலகத்தில் எல்லாப் பட்டறையிலும் இப்படித்தான் பார்ப்பார்கள். கீழே ஒருத்தர் கை, மேலே ஒருத்தர் காது. முத்துக்குமார் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். பொற்கொடி டிரைவர் பக்கத்துக் கதவோரம், அவன் கண்ணுக்கு நேராக நின்றுகொண்டாள். இப்போதாவது சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். அண்ணே, அவருக்குக் கேக்காது, நான் உக்காந்து ஒடிக்கிறேன். அந்த ஒரு வரி தொண்டை வரைக்கும் வந்தது. மெக்கானிக்குக்குத் தெரிந்தால் டிரைவர்களுக்குத் தெரியும், டிரைவர்களுக்குத் தெரிந்தால் சிப்காட்டுக்கே தெரியும். விழுங்கிவிட்டாள்.

"ஒடி!"

அவள் கையை இடது பக்கம் அசைத்தாள். அவன் ஒடித்தான்.

"நிறுத்து!"

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். நின்றது.

"திருப்பு, மெதுவா! ம்ம். நிறுத்து!"

சரியாகத்தான் நடந்தது. பிரஸ் ஷாப்பில் நடந்த மாதிரியே, பிசகில்லாமல். கீழே இருப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. பொற்கொடிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இப்படியே காலத்தை ஓட்டிவிடலாம், அவன் கையும் தன் காதுமாக, யாருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றியது.

அந்த நேரம் பார்த்து சுபாஷ் மழைக்கோட்டும் பைக்குமாக வந்து இறங்கினான். "அக்கா, ஒரு நிமிஷம். வண்டில என்னமோ சத்தம்னு பிள்ளைகள்ல ஒருத்தி கம்பெனில சொல்லியிருக்கா. பெரிய வேலையா? ராத்திரி டிரிப்புக்கு வந்துருமா?"

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "சின்ன வேலைதான் சார். கிரீஸ் இல்லாமக் காஞ்சிருக்கு, அவ்வளவுதான். மத்தியானமே முடிஞ்சிரும்."

"அண்ணனுக்குத் தெரியலியா, சத்தம் வர்றது?"

"தெரியாம என்ன சார். அவருதான் மொதல்ல..."

"ஒடி!" என்று கீழேயிருந்து சத்தம் வந்தது. சுபாஷுக்குப் பதில் சொல்லும் அவசரத்தில், பழகிய கை தானாக இடது பக்கம் அசைந்துவிட்டது. அவள் முகம் சுபாஷ் பக்கமே இருந்தது.

"நிறுத்து. நிறுத்து! யோவ், நிறுத்தய்யா!"

அவள் திரும்பி உள்ளங்கையை விரிப்பதற்குள் கீழேயிருந்து எழும்பியது சொல் இல்லை. முத்துக்குமார் பல்லைக் கடித்துக்கொண்டு, தோளைக் கொடுத்து, இன்னும் இடது பக்கம் அழுத்திக்கொண்டிருந்தான். அவனுடைய கைக்கு ஏதோ இறுக்கமாகத் தட்டுப்பட்டிருந்தது. அதைத் தாண்டி ஒடித்துவிடப் பார்த்தான்.

பொற்கொடி ஜன்னல் வழியாகப் பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்து வலது பக்கம் இழுத்தாள். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அவன் கையை எடுத்துவிட்டான். அதற்குள் சுபாஷ் சேற்றில் மண்டியிட்டிருந்தான். நாராயணம்மா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். நாலு பேராகச் சேர்ந்து திம்மராயனை வெளியே இழுத்தபோது அவருடைய வலது கையில் நடு இரண்டு விரலும் தட்டையாக இருந்தன. ஒடிக்கையில் நகர்கிற ஸ்டியரிங் ஆர்முக்கும் அதைத் தடுத்து நிறுத்துகிற ஸ்டாப்பருக்கும் நடுவே மாட்டியிருந்தன. பிரஸ் ஷாப்பில் எத்தனையோ பேருக்கு அப்படி ஆனதைப் பார்த்தவன் முத்துக்குமார். தன் லுங்கியைக் கிழித்து மணிக்கட்டில் இறுக்கிக் கட்டியது அவன்தான்.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனார்கள். இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். ஒட்டவைக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று டாக்டர் சொன்னார். நாராயணம்மா வராந்தாத் தரையில் உட்கார்ந்து, தெலுங்கில் தனக்குள் ஏதோ சொல்லிச் சொல்லி அழுதாள். அப்புறம் எழுந்து முத்துக்குமாருக்கு நேரே வந்து நின்றாள்.

"அவரு கத்துனாருய்யா. நான் அடுப்புகிட்டருந்து கேட்டேன். மேல உக்காந்திருந்த ஒனக்குக் கேக்கலியா? கேக்கலியா சொல்லு!"

அவளுடைய உதடு அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்துகொண்டால் அப்புறம் எதுவும் கேட்காது. அவள் அதற்குமேல் சொன்னதெல்லாம் பொற்கொடியின் காதில்தான் விழுந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவன் பொற்கொடியின் பக்கத்தில் வந்தான். "கைக்குத் தெரிஞ்சது புள்ள," என்றான். "இறுக்கமா இருக்குன்னு தெரிஞ்சது. ஜாயிண்டு காஞ்சு கெடக்கு, அதான் இறுக்குதுன்னு நெனச்சேன். விரல்னு தோணவே இல்ல." தன்னுடைய இரண்டு கைகளையும் யாருடையதோ மாதிரி பார்த்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றுகொண்டான்.

சாயங்காலம் திம்மராயனுக்கு நினைவு நன்றாகத் தெளிந்த பிறகு பொற்கொடியை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கட்டுப்போட்ட கையை நெஞ்சின்மேல் வைத்திருந்தார்.

"ஊட்டுக்காரருக்குக் காது எத்தினி நாளா இப்பிடி?"

அவள் வராந்தாப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"கீழ படுத்திருக்கறவனுக்கு ஒன்னோட கால் தெரியும்மா. ஒவ்வொரு தடவ நான் சொன்னப்புறமும் நீ ஒரு அடி முன்னால வெச்சு அப்புறம் பின்னால வெச்ச. இன்னாத்துக்கு இந்தம்மா கூத்தாடுதுன்னு நெனச்சேன். இப்பத்தான் வெளங்குது."

"அண்ணே, என்ன மன்னிச்சிருங்க. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்." கண்ணை மூடிக்கொண்டார். மூடின கண்ணோரம் நீர் வழிந்தது. அது வலியாலா வேறு எதனாலா என்று அவளுக்குத் தெரியவில்லை. "அந்த கம்பெனிக்காரப் பையன் வந்து கேட்டான். நிறுத்துன்னு கத்தறதுக்கு முந்தியே வெரலு மாட்டிக்கிச்சு, கைய நான்தான் தப்பா விட்டேன்னு சொல்லிட்டேன். நீயும் அப்பிடியே சொல்லிக்க. ஒரு ஊட்டுல அடுப்பு அணைஞ்சது போதும்."

கால்மாட்டில் நின்றிருந்த நாராயணம்மா அதைக் கேட்டுவிட்டு வெடித்தாள். "பெரிய தருமராசா! அவங்க ஊட்டு அடுப்ப நீ பாத்துக்க, நம்ம ஊட்டு அடுப்ப யாருய்யா பாக்கறது? எந்தக் கையில ஸ்பானர் புடிப்ப, சொல்லு." அதற்குமேல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பொற்கொடி அவள் காலைத் தொடக் குனிந்தாள். நாராயணம்மா காலை இழுத்துக்கொண்டாள்.

வராந்தாவுக்கு வந்தபோது சுபாஷ் நின்றிருந்தான். கூடவே கரியப்பன், பட்டறைக்குப் பக்கத்தில் டிங்கர் வேலை பார்க்கிறவன். கையில் பழைய துணியில் சுற்றி ஒரு சாமான் கொண்டு வந்திருந்தான். திம்மராயன் பாதியில் விட்ட வேலையை அவன் முடித்திருந்தான்.

"இத மாத்திட்டேங்க்கா," என்று துணியைப் பிரித்துக் காட்டினான். சக்கரத்தை ஸ்டியரிங்கோடு சேர்க்கிற டைராடு எண்டு. ரப்பர் மூடி கிழிந்து, உள்ளே மண்ணும் துருவும் ஏறி, குண்டு தேய்ந்து, குழிக்குள் நிற்காமல் கலகலவென்று ஆடியது. "பாருங்க, கையாலயே கழண்டு வருது. இன்னும் ரெண்டு மூணு டிரிப்பு ஓடியிருந்தா சக்கரம் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். பாலத்து மேல ஆயிருந்தா ஒண்ணும் மிஞ்சியிருக்காது. இது பத்து நாளாவது கத்தியிருக்கும். எப்பிடித்தான் கேக்காம ஓட்டுனாரோ!"

சுபாஷ் அந்தத் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது. "இப்ப சரியாயிருச்சுல்ல?"

"பட்டு மாதிரி ஒடியுது சார். துளி சத்தம் இல்ல."

"அப்பாடா." சுபாஷ் பொற்கொடி பக்கம் திரும்பினான். "திம்மராயண்ணன் எல்லாம் சொன்னாரு. யார் மேலயும் தப்பில்ல, நீங்க மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க. வண்டிதான் ரெடியாயிருச்சே. ராத்திரி டிரிப்புக்கு அண்ணன் வந்துருவாருல்ல? பிள்ளைகள் காத்துக்கிட்டு இருக்கும்."

சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். எல்லாம் பழையபடி ஆகிவிடும். விரல் போன மனுஷனே அதற்கு வழி செய்து கொடுத்துவிட்டுப் படுத்திருந்தார். இத்தனை நாளும் தன் பொய்யைத் தான் ஒருத்திதான் சுமக்கிறோம் என்று பொற்கொடி நினைத்திருந்தாள். இப்போது அவரும் தோள் கொடுக்கிறார். பின்சீட்டில் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து தூங்கிக்கொண்டு வரும் அந்தப் பிள்ளைகளை நினைத்தாள். அடுத்த சத்தம் எதுவாக இருக்கும், யார் கத்துவார்கள், அப்போது தான் எங்கே நின்றிருப்போம்?

முத்துக்குமார் வராந்தாவின் அந்தக் கோடியில் நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பொற்கொடியின் முதுகு அவன் பக்கம் இருந்தது. அப்படியே நின்று சொல்லியிருக்கலாம், அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அவளுக்கு மனம் ஒப்பவில்லை. சுபாஷைச் சுற்றி வந்து, டியூப்லைட் வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற இடமாகப் பார்த்து, புருஷனுக்கு நேராக நின்றாள்.

"சார், அவருக்குக் காது கேக்காது," என்றாள். "பேச்சு கேக்காது. மெல்லிசுச் சத்தம் எதுவும் கேக்காது. பிரஸ் ஷாப்புலயே போயிருச்சு. பிள்ளைக சொன்ன சத்தம் அவருக்குக் கடைசி வரைக்கும் கேக்கவே இல்ல. திம்மராயண்ணன் நிறுத்துன்னு கத்துனாரு. எனக்குக் கேட்டுச்சு, அவருக்குக் கேக்கல. இத்தனை நாளும் மறைச்சு வச்சது நான்."

ஒவ்வொரு சொல்லாக, உதடு பிரிய, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். சுபாஷுக்கு அத்தனை நிதானமாகச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லச் சொல்ல அவள் பார்வை சுபாஷின் தோளுக்கு மேலாகவே இருந்தது. அவன் குழம்பித் திரும்பிப் பார்த்தான்.

முத்துக்குமார் அங்கிருந்து நடந்து வந்தான். வராந்தாவில் போட்டிருந்த கட்டில்களையும் துணைக்கு வந்தவர்களையும் தாண்டி, மெதுவாக வந்து பொற்கொடியின் பக்கத்தில் நின்றான். அவளைப் பார்க்கவில்லை. திட்டவுமில்லை. சுபாஷின் முகத்தைப் பார்த்து, நடுவில் பிரஸ் ஓடிக்கொண்டிருந்தால் எவ்வளவு குரல் வேண்டுமோ அவ்வளவு குரலில் சொன்னான்.

"ராத்திரி டிரிப்புக்கு வேற வண்டி சொல்லிருங்க சார்!"

வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தை அலறி எழுந்தது. அவனுக்குப் பின்னாலிருந்து நர்ஸ், "யாருங்க அது, சத்தம் போடாதீங்க," என்று அதட்டினாள். அவன் திரும்பவில்லை. சுபாஷிடமிருந்து பதில் வராததால் அவனுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் கிட்டே போய், அதே குரலில் இன்னொரு முறை சொன்னான்.